பொங்கலன்று விழுந்த விமானம்

இவ்வாண்டு நம் மன்றத்தின் பொங்கல் விழாவிற்கு வந்திருந்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டீர்கள். சர்க்கரைப் பொங்கல் பரிமாறி முடிந்ததும், விளையாட்டுத் திடலில் ஒரு சிறிய விமானம் பறக்கும் என்று அறிவித்திருந்தோம். காலை முழுவதும் கவிந்திருந்த மூடுபனி விலகி, இளவெயில் வந்திருந்தது. சங்கராந்தி நாளாகையால் ஊருக்கு மேலே பட்டங்கள் பறந்துகொண்டிருந்தன. முதலாண்டுத் தம்பி ஒருவர் கையில் ரிமோட் பெட்டியுடன் நின்றார். நான் ஒலிபெருக்கியின் முன் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். விமானம் கையைவிட்டுக் கிளம்பியது, மூக்கைத் தூக்கியது, குனிந்தது, மறுபடியும் முன்னைவிட அதிகமாகத் தூக்கியது, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மோட்டார் இரைந்தபடியே தலைகுப்புற மண்ணில் மோதியது. எல்லாம் பன்னிரண்டு வினாடிகளுக்குள் முடிந்துவிட்டன. குழந்தைகள் உட்கார்ந்திருந்த முன்வரிசைக்கும் அது விழுந்த இடத்திற்கும் இடையே இருபது அடிதான் இருந்தது.

அப்போது நான் ஒலிபெருக்கியில் ஒரு வாக்கியம் சொன்னேன். “தம்பிக்குக் கை கொஞ்சம் நடுங்கிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். கூட்டம் சிரித்தது. தம்பியும் சிரித்தார். ஆனால் அதன் பிறகு அவர் திடல் பக்கம் வரவில்லை.

நான் சொன்ன அந்த வாக்கியம் தவறு. அது ஏன் தவறு என்பதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அதற்கு, இத்தகைய விமானம் எப்படிக் கட்டப்படுகிறது, எப்படிப் பறக்கிறது, உடைந்தால் எப்படிச் செப்பனிடப்படுகிறது என்பவற்றை முதலில் விளக்கியாக வேண்டும். அறிவியல் படிக்காத நண்பர்களும் உடன் வரலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

விமானத்தின் உடல்

வானலையால் இயக்கப்படும் மாதிரி விமானங்களைப் பழங்காலத்தில் பால்சா என்னும் மரத்தால் கட்டினார்கள். இன்றும் தேர்ந்தவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். தென் அமெரிக்காவில் எக்குவடோர் நாட்டில் மிகுதியாக விளையும் அம்மரம், விரலால் அழுத்தினால் குழியும். ஆனால் தன் எடைக்கு மிகுந்த வலிமை உடையது. அது நம் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதில்லை. ஆகவே நாங்கள் நுரைத் தகட்டால் கட்டுகிறோம். தெர்மாகோலின் தங்கை என்று அதைச் சொல்லலாம். குருணை குருணையாக உதிராமல், வழுவழுப்பான பலகையாக இருக்கும்.

பொங்கலன்று பறந்த விமானத்தின் அளவுகளைத் தருகிறேன். இறக்கையின் நீளம், நுனிக்கு நுனி 120 செண்டிமீட்டர். அகலம் 20 செண்டிமீட்டர். இறக்கைக்குள் முதுகெலும்பாகக் கார்பன் நாரால் ஆன ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. மூக்கில் ஒரு மோட்டார். அதில் 10 அங்குல விசிறி. மோட்டாருக்குப் பின்னே 180 கிராம் எடையுள்ள லித்தியம் பேட்டரி. அதில் மூன்று மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன, ஒவ்வொன்றும் 3.7 வோல்ட்; ஆகமொத்தம் 11.1 வோல்ட். பின்னால் கிடைவாலும் நிமிர்வாலும் உண்டு. எல்லாம் சேர்ந்து 800 கிராம்.

இப்பேட்டரியின் கொள்ளளவு 2,200 மில்லி ஆம்பியர்-மணி. மோட்டார் சராசரியாக 15 ஆம்பியர் இழுத்தால், ஒன்பது நிமிடத்திற்குள் முற்றும் தீர்ந்துவிடும். ஆனால் லித்தியம் மின்கலத்தை அடிவரை வற்றவிடலாகாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது கெட்டுவிடும். ஆகவே ஏழு நிமிடத்தில் தரையிறக்கிவிட வேண்டும்.

வானலையின் வேலை

விமானம் விழுந்தவுடன் திடலில் மூன்று கருத்துகள் எழுந்தன. எல்லோருடைய கைப்பேசிகளும் சேர்ந்து வானலையைக் குழப்பிவிட்டன என்றார் ஒருவர். பட்டத்தின் நூல் மாட்டிக்கொண்டது என்றார் மற்றொருவர். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். இவற்றை வரிசையாக ஆராய்வோம்.

முதலில் வானலை. 1898-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நிகோலா டெஸ்லா ஒரு சிறிய படகை மக்கள் முன்னிலையில் வானலையால் செலுத்திக் காட்டினார். விமானத்திற்கு இது வந்து சேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 1937-இல் பறக்கவிட்ட ‘கஃப்’ என்ற விமானம், வானலைக்குக் கட்டுப்பட்டுச் செவ்வனே பறந்த முதல் மாதிரி விமானங்களுள் ஒன்று. இன்று அது அந்நாட்டின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் எண்ணெய் இயந்திரத்திற்குப் பதிலாக மின்மோட்டார் பூட்டிய மாதிரி விமானத்தை வானலையால் இயக்கிப் பறக்கவிட்டார். நம் சிறு விமானம் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

இந்த ஏற்பாடு நடக்கும் விதம் எளிது. ரிமோட் பெட்டியில் இரண்டு கோல்கள் இருக்கின்றன. கோலை அசைத்தால், அது எவ்வளவு அசைந்தது என்பது ஓர் எண்ணாக மாற்றப்பட்டு வானலையில் அனுப்பப்படுகிறது. விமானத்திலுள்ள ஏற்பி அந்த எண்ணைப் பெற்று, ‘சர்வோ’ எனப்படும் சிறு கருவிக்கு மின்துடிப்பாகத் தருகிறது. வினாடிக்கு 50 துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியிலிருந்து இரண்டு பங்கு வினாடி வரை நீடிக்கும். ஒன்றரைப் பங்கு என்றால் “நடுவில் நில்” என்று பொருள். குறைந்தால் ஒரு பக்கம், கூடினால் மறுபக்கம். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தச் சர்வோவுக்குள் ஒரு மோட்டாரும், பற்சக்கரங்களும், தான் நிற்கும் இடத்தைத் தானே அளந்தறியும் ஓர் உறுப்பும் இருக்கின்றன. சொன்ன இடத்திற்குச் செல்லும்வரை அது ஓயாது. எடை ஒன்பது கிராம்.

முன்பெல்லாம் 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இவை இயங்கின. இருவர் ஒரே வரிசையில் பெட்டியைப் போட்டுவிட்டால் ஒரு விமானம் விழுவது உறுதி. இன்றைய பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஏற்பி தன் எசமானின் எண்ணுக்கே செவிசாய்க்கும். நம் பெட்டி ஓர் அலைவரிசையிலேயே நிற்காமல் தாவித் தாவிச் செல்வதால், ஓரிடத்தில் இரைச்சல் இருந்தாலும் செய்தி தப்பிவிடும். அதையும் மீறித் தொடர்பு அறுந்தால், மோட்டாரை நிறுத்திவிடும்படி நாங்கள் முன்கூட்டியே அமைத்துவைத்திருக்கிறோம். பொங்கலன்று மண்ணில் மோதும்வரை மோட்டார் இரைந்துகொண்டே இருந்ததை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். ஆகவே தொடர்பு அறுபடவில்லை.

பட்டத்தின் நூல் மாட்டியிருந்தால், நுரையாலான இறக்கையின் முன்விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும். அல்லது விசிறியின் அச்சில் நூல் சுற்றியிருக்கும். இரண்டும் இல்லை. பேட்டரியை அன்றே அளந்தேன். ஒவ்வொரு மின்கலமும் 4.1 வோல்ட் காட்டியது. அதிலும் குற்றமில்லை.

மூன்றும் நீங்கியபின் எஞ்சியது ஓட்டியவரின் கை ஒன்றுதான் என்று நான் முடிவு கட்டினேன். நான்காவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. எட்டாததற்கும் காரணம் உண்டு. அந்த நான்காவது காரணம் நான்.

எப்படிப் பறக்கிறது?

வேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஆடிக்காற்று தொடங்கியதும் பட்டம் கட்டுவோம். காகிதம், ஈர்க்கு, வால் எல்லாம் சரியாக இருந்தாலும், சூத்திரம் சரியாக இல்லாவிட்டால் பட்டம் ஏறாது. சூத்திரக் கயிற்றில் முடிச்சு ஒரு விரற்கடை மேலே போனாலும் கீழே வந்தாலும் பட்டத்தின் குணமே மாறிவிடும். கரணம் போடும், அல்லது சோம்பிப் படுத்துக்கொள்ளும். பட்டம் காற்றை எந்தச் சாய்வில் சந்திக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த முடிச்சு. விமானத்திற்கும் இப்படி ஒரு முடிச்சு உண்டு. அதன் பெயர் எடைமையம்.

முதலில் இறக்கையைப் பார்ப்போம். சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த இறக்கை காற்றைக் கிழித்துச் செல்லும்போது, காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதற்கு எதிர்விளைவாக இறக்கை மேலே தூக்கப்படுகிறது. வேகம் இரட்டித்தால் இந்தத் தூக்குவிசை நான்கு மடங்காகும். சாய்வு கூடினாலும் விசை கூடும். ஆனால் ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் போனால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவிச் செல்லும் காற்று அதைவிட்டுப் பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும். விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். இதை ‘ஸ்டால்’ என்கிறார்கள். 800 கிராம் எடையும் மேற்சொன்ன இறக்கையும் கொண்ட நம் விமானம் மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேகத்திற்குக் கீழே போனால் இந்நிலையை அடையும். மிதிவண்டியை வேகமாக மிதிக்கும் ஒருவரின் வேகம் அது.

இனி எடைமையம். விமானத்தை இறக்கையின் அடியில் இரு விரல்களால் தாங்கிப் பிடித்தால், முன்னும் பின்னும் சாயாமல் சமனாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. நம் விமானத்திற்கு அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5.5 செண்டிமீட்டர் பின்னால் இருக்கும்படி கட்டியிருந்தேன். பறக்கும்போது ஒரு காற்று வீச்சு மூக்கைத் தூக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் இறக்கையிலும் வாலிலும் தோன்றும் கூடுதல் விசைகள் இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு புள்ளியில் செயற்படுவதாகக் கொள்ளலாம். எடைமையம் அப்புள்ளிக்கு முன்னால் இருந்தால், அவ்விசை மூக்கைத் திரும்பவும் இறக்கிவிடும். விமானம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். எடைமையம் அப்புள்ளிக்குப் பின்னால் போய்விட்டால், அதே விசை மூக்கை மேலும் தூக்கும். தூக்கத் தூக்க விசை கூடும். விசை கூடக் கூட மூக்கு ஏறும். ஓட்டுபவர் கீழே தள்ளினால், அதே வேகத்தில் கீழே பாயும். கோலின் நுனியில் நிற்கும் கோலிக்குண்டை நிலைநிறுத்துவது போன்ற வேலை அது. யார் கைக்கும் அடங்காது.

வாலைச் சற்றுச் சிறிதாக வெட்டியிருந்ததால், நம் விமானத்தில் அந்தப் புள்ளி முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 7.5 செண்டிமீட்டரில் இருப்பதாகப் பின்னர் கணக்கிட்டேன். ஆக, நல்ல விமானத்திற்கும் அடங்காத விமானத்திற்கும் இடையே இரண்டு செண்டிமீட்டர்தான் வேறுபாடு. “மூக்கு கனத்தால் மோசமாகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே முறைதான் பறக்கும்” என்று மாதிரி விமானக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

முப்பது கிராம்

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, நான் தரையிறக்கியபோது விமானத்தின் வால் ஒரு கல்லில் அடித்து முறிந்தது. அன்றிரவே விடுதி அறையில் அதைச் செப்பனிட்டேன். இன்னொரு முறை உடையக்கூடாது என்ற ஆத்திரத்தில் செய்தேன். முறிந்த இடத்தில் மூன்று மூங்கில் குச்சிகளைப் புதைத்தேன். குளூ கன்னால் பசையை உருக்கிக் குழிகள் நிரம்பும்வரை ஊற்றினேன். அதன்மேல் பட்டை நாடாவை மூன்று சுற்றுச் சுற்றினேன். வால் கல்போல் ஆயிற்று. அதைத் தட்டிப் பார்த்துப் பெருமையோடு தூங்கினேன். மறுநாட்களில் மூடுபனி விலகவே இல்லை. சோதனைப் பறப்பு நடக்கவில்லை. கட்டும்போதே சமன் பார்த்த விமானந்தானே என்று, விரலில் தாங்கிப் பார்க்கும் அரை நிமிட வேலையையும் விட்டுவிட்டேன்.

விழாவிற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து, உடைந்த துண்டுகளைச் செய்தித்தாளின்மேல் பரப்பினேன். விமானம் மூக்கில் மோதியதால் மூக்கும் இறக்கையும் நொறுங்கியிருந்தன. வாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாகக் கட்டுவதற்கு எவ்வளவு நுரைத் தகடு வேண்டும் என்று கணக்கிட, ஒவ்வொரு துண்டையும் சமையல் தராசில் நிறுத்தேன். கட்டிய காலத்தில் ஒவ்வொரு உறுப்பின் எடையையும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். வாலுக்கு நேரே 62 கிராம் என்று என் கையெழுத்தில் இருந்தது. தராசு 92 காட்டியது.

முப்பது கிராம், ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் எடை. இதனால் விமானத்தின் மொத்த எடை பெரிதாக மாறிவிடவில்லை. ஸ்டால் ஆகும் வேகம் மணிக்கு அரை கிலோமீட்டர்கூட உயரவில்லை. ஆனால் அந்த எலுமிச்சம்பழம் தொங்கிய இடம் எடைமையத்திலிருந்து 60 செண்டிமீட்டர் பின்னால். காய்கறிக்காரரின் தூக்குக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய கல்லானாலும் கோலின் கடைசியில் தொங்கினால் பெரிய சுமையை ஈடுகட்டும். 30-ஐ 60-ஆல் பெருக்கினால் 1,800. அதை மொத்த எடையாகிய 830-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.2. எடைமையம் 5.5-இலிருந்து 7.7 செண்டிமீட்டருக்குப் போய்விட்டது. அபாயப் புள்ளியாகிய 7.5-ஐத் தாண்டிவிட்டது.

அந்தக் கணக்கை மூன்று முறை போட்டேன். விடை மாறவில்லை. தம்பி அன்று வாங்கிக்கொண்டது பறக்க முடியாத விமானம். அது மூக்கைத் தூக்கியதும் அவர் சரியாகவே கோலைத் தள்ளினார். மீண்டும் தூக்கியபோது மீண்டும் தள்ளினார். பன்னிரண்டு வினாடிகள் அதைக் காற்றில் வைத்திருந்ததே அவர் கையின் திறமை. நான் ஓட்டியிருந்தால் ஐந்து வினாடியில் விழுந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 830 கிராம் எடை, வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்து மோதினால், ஒரு கிலோ எடைக்கல்லை மூன்றாம் மாடியிலிருந்து கீழே போடுவதற்கு ஒப்பாகும். முன்வரிசைக்கு இருபது அடி தொலைவில் விழுந்தது என்று மேலே எழுதினேன். அது வேறு பக்கம் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் நடுங்குகிறது.

செப்பனிடும் முறை

வலிமை கூட்டுவதுதான் செப்பனிடுதல் என்று நான் எண்ணியிருந்தேன். வலிமையோடு எடையையும் இருப்பிடத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதை இந்த விமானம் கற்பித்தது. வாலில் ஏறிய 30 கிராமை மூக்கில் ஈடுசெய்ய வேண்டுமானால், 20 செண்டிமீட்டர் முன்னால் 90 கிராம் ஈயம் வைக்க வேண்டும். பின்னால் ஒரு கிராம் அசட்டையாக இருந்தால், முன்னால் மூன்று கிராம் அபராதம்.

எடையைக் குறைப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்கரான மேனார்ட் ஹில் என்பவர் பால்சாவால் ஒரு மாதிரி விமானம் கட்டினார். எரிபொருளுடன் சேர்ந்து அது ஏறத்தாழ 5 கிலோதான். முந்திய முயற்சிகள் தோற்றபின், 2003 ஆகஸ்டு 9 அன்று நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பிய அந்த விமானம், 38 மணி 52 நிமிடம் பறந்து, ஏறத்தாழ 3,030 கிலோமீட்டர் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. கிளம்புவதும் இறங்குவதும் மனிதர் கையால். இடையில் தானியங்கிக் கருவி. அப்போது ஹில்லுக்கு வயது 77. கண்பார்வையும் பெரிதும் குன்றியிருந்தது.

இரண்டாம் முறை வாலை நான் செப்பனிட்ட விதத்தை எழுதுகிறேன். கட்ட விரும்புவோர்க்குப் பயன்படும்.

முறிந்த விளிம்பைச் சீவிச் சமனாக்காதீர்கள். கரடுமுரடான முறிவு முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும். பசை பற்றும் பரப்பும் மிகுதி. புதுத் துண்டு சேர்க்க நேர்ந்தால், நேர்வெட்டாக அன்றி நீண்ட சாய்வெட்டாகச் சேருங்கள். பசை விஷயத்தில் கவனம் தேவை. சாதாரண உடனடிப் பசைகளும் கரைப்பான் கலந்த பசைகளும் தெர்மாகோல் போன்ற நுரையைக் கரைத்துவிடும். ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை ஏற்றது. மெல்லப் பூசி ஓரிரவு காயவிட வேண்டும். மோட்டார் பொருந்தும் பலகைக்கு மட்டும் அரால்டைட் போன்ற இருகலவைப் பசை போடலாம். எந்தப் பசையையும் முதலில் கழிவுத் துண்டில் பூசிப் பாருங்கள்.

வலுவூட்டும் பொருளை உள்ளே புதைக்காதீர்கள், வெளிப்பரப்பில் ஒட்டுங்கள். ஒரு சட்டம் வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலுந்தான் மிகுதி. நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தண்டவாளத்தின் இரும்பு மேலும் கீழும் திரண்டு, நடுவில் மெலிந்திருப்பதன் காரணம் இதுவே. நான் மூங்கிலைப் புதைத்தது நடுவில். அது எடைக்கு உதவியது, வலிமைக்கு உதவவில்லை. இம்முறை மேலும் கீழும் ஒரு மெல்லிய நாடாப் பட்டை மட்டும் ஒட்டினேன். கூடிய எடை நான்கு கிராம்.

பிறகு ஒரு நூலை எடுத்து, மூக்கின் நடுவிலிருந்து இரு இறக்கை நுனிகளுக்கும், வாலின் நடுவிலிருந்து அதே நுனிகளுக்கும் உள்ள தூரங்களை ஒப்பிட வேண்டும். இரு பக்கமும் ஒத்திருந்தால் இறக்கை கோணலில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சர்வோவின் கையை மின்சாரம் இல்லாமல் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்; பல் உடைந்திருந்தால் விரலுக்கே தெரியும். ஏற்பியின் வானலைக் கம்பியின் நுனியில் உறை உரிந்த பகுதி 3.1 செண்டிமீட்டர் இருக்கும். அலைநீளத்தில் கால்பங்கு அது. விபத்தில் அது அறுந்தால் பக்கத்தில் வேலை செய்யும், தூரத்தில் கைவிடும். கடைசியாகக் கோலை வலப்புறம் தள்ளுங்கள்; வல இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். செப்பனிட்டபின் கம்பிகளை மாற்றி மாட்டிவிட்டு, இடமும் வலமும் மாறி விழுந்த விமானங்கள் பல.

செப்பனிடக்கூடாதவை இரண்டு. கீறல் விழுந்த விசிறியை ஒட்டாதீர்கள். நிமிடத்திற்குப் பல ஆயிரம் சுற்றில் அது தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. உப்பிய அல்லது நசுங்கிய லித்தியம் பேட்டரியை மறுபடி மின்னேற்றாதீர்கள், அது தீப்பற்றும். நல்ல பேட்டரியையும் ஆள் இல்லாத அறையில், மெத்தையின்மேல் வைத்து மின்னேற்றலாகாது. ரிமோட் பெட்டியை முதலில் போட்டுவிட்டுத்தான் விமானத்திற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்; நிறுத்தும்போது விமானம் முதலில், பெட்டி பிறகு.

நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் தழுவுகின்றன. கண்ணுக்குத் தெரியும் தூரத்திற்குள்ளேயே பறக்கவிட வேண்டும். வான்வெளி வரைபடத்தில் பச்சையாகக் காட்டப்பட்ட இடத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். விமான நிலையங்களை ஒட்டிக் கட்டுப்பாடு கடுமையாகும். திடலுக்குப் போகுமுன் வரைபடத்தைப் பார்ப்பது கடமை. எல்லாவற்றுக்கும் மேலாக, விரலில் தாங்கிச் சமன் பாருங்கள். ஒவ்வொரு செப்பனிடலுக்குப் பிறகும் பாருங்கள்.

தம்பியின் அறையில்

கணக்கு முடிந்த இரவே தம்பியின் விடுதி அறைக்குப் போனேன். குறிப்பேட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணா, எனக்குக் கை நடுங்கின ஞாபகமே இல்ல. ஆனா நீங்க மைக்குல சொன்னப்புறம், நடுங்கித்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன்” என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவரிடம் அறையில் மன்னிப்புக் கேட்டது போதாது என்று தோன்றியது. பழி சொன்னது ஒலிபெருக்கியில். கேட்டவர்கள் இருநூறு பேர். மன்றத்திற்கு ஒலிபெருக்கி ஆண்டுக்கு இரண்டு முறைதான் கிடைக்கும். மலர் எல்லோர் கைக்கும் வரும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பொங்கலன்று தவறியது அவர் கை அன்று, என் கை. அதுவும் திடலில் அன்று. ஒரு வாரம் முன்பு, என் அறையில்.

தம்பி குறிப்பேட்டை வாங்கி அந்தப் பெருக்கலைத் தாமே ஒரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு, “வால இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டலாமே அண்ணா, அந்தப் புள்ளி பின்னால போகுமில்ல?” என்று கேட்டார். போகும். அப்படியே வெட்டினோம். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரையும் அழைக்காமல், இருவருமாக மறுபடி பறக்கவிட்டோம். அவர்தான் ஓட்டினார். இதுவரை ஒன்பது முறை பறந்திருக்கிறது. இறங்கும்போது இரண்டு முறை சக்கரம் கழன்றது, வேறு சேதமில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திடலின் மேற்கு மூலையில் எங்களைக் காணலாம். சாப்பாட்டு விடுதியில் இட்லி கிடைக்காத இந்த ஊரில், அந்த நேரத்தில் எழுந்து வருவதற்கு வேறு காரணம் தேவைப்படும் என்பது உண்மை. ஆகவே தேநீர் எங்கள் பொறுப்பு. வருபவர்கள் ஒரு குறிப்பேடு கொண்டுவாருங்கள். ஒவ்வொரு துண்டின் எடையையும் முதல் நாளே எழுதிவையுங்கள். அடுத்த பொங்கலுக்கும் விமானம் பறக்கும். அன்று நாற்காலிகளை இருநூறு அடி பின்னால் போடுவோம். ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்பவர் தம்பியாக இருப்பார்.